ரயில் ஜன்னலும் ஆங்கிலப் பேச்சும்

ஆங்கிலம் படித்தவர்கள் நம்மில் பலர்; அதைப் பேசுகிறவர்கள் சிலர். இவ்விரு சாராருக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு என்பதை அறிய வேண்டுமானால், புது டில்லிக்கும் சென்னைக்கும் இடையே ஓடும் ரயில் வண்டியில் ஒரு முறை பிரயாணம் செய்தால் போதும். சுமார் 2,180 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை அது. வேகமான வண்டியில் ஏறினாலும் ஒரு பகலும் ஓர் இரவும் கழிந்த பிறகு இன்னும் சில மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். எதிர் ஆசனத்தில், போபாலிலோ நாகபுரியிலோ இறங்கப் போகும் ஒருவர் இருப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. நமக்கோ பெரும்பாலும் ஹிந்தி தெரியாது. 1968-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் தமிழ், ஆங்கிலம் என்ற இருமொழித் திட்டமே நடந்து வருகிறது. ஆகவே இருவருக்கும் பொதுவாக எஞ்சுவது ஆங்கிலம் ஒன்றுதான். இருவருமே அதைப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் படித்தவர்கள். ஆயினும் பேச்சு எழுவதில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை புரிகிறார்கள். பிறகு இருவரும் ஜன்னலுக்கு வெளியே நோக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

இதனால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். உத்தியோகத்தில் அமர்ந்து ஓய்வும் பெற்றுவிட்டவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் அதே வண்டியில், தமிழ் வழியில் படித்துத் தேறி, டில்லிக்கு முதன்முறையாகப் போகும் இளைஞர்களும் இளம் பெண்களும் இருக்கிறார்கள். ஷாஜஹான் சாலையில் உள்ள தோல்பூர் ஹவுஸில் மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தார் நடத்தும் நேர்முகத் தேர்வுக்குச் செல்பவர் சிலர். அத்தேர்வில் தமிழிலேயே விடை கூற இடமுண்டு என்பது மெய்தான். ஆனால் தேர்வுக்குப் பின்னர் அமையும் அலுவலகத்தில், வாடகைக்கு வீடு தேடும் தெருவில், வங்கியில், மருத்துவமனையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் எப்போதும் உடன் நிற்கமாட்டார். அவ்விடங்களில் வாய் திறவாதவருக்கு அறிவில்லை என்றே பிறர் எண்ணிவிடுகிறார்கள். இந்த அநியாயத்தை அனுபவித்தவர்கள் டில்லித் தமிழர்களுள் ஏராளம். இவர்கள் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஒரு வாக்கியமும் பேசாமல் அமர்ந்து வந்து, டில்லியில் இறங்கிய பின் பணம் கட்டி ஆங்கிலம் பேசும் வகுப்பில் சேர்கிறார்கள். டில்லியில் உள்ள புஸ்தக் மஹால் பதிப்பகத்தாரின் ராபிடெக்ஸ் புத்தகத்தைத் தமிழ்ப் பதிப்பில் வாங்கி, அதில் உள்ள வாக்கியங்களை மனப்பாடம் செய்கிறார்கள். புத்தகத்தைக் குறை கூற நாம் முன்வரவில்லை. லட்சக்கணக்கானவருக்கு அது தைரியம் அளித்திருக்கிறது. ஆனால் புத்தகத்தின் வாக்கியத்துக்கு மறுமொழி கூற எதிரே ஆள் இல்லை. ரயிலில் ஆள் இருந்தார். பேசுவதற்கு விஷயமும் ஜன்னலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்தது.

ஆங்கிலம் பேசப் பழகுவதற்கு எத்தனையோ விஷயங்கள் இருக்க, வழியில் காணும் காட்சியை மட்டும் நாம் ஏன் எடுத்துக் கூறுகிறோம்? ஒரே ஒரு காரணம்தான். பேசுபவர், கேட்பவர் ஆகிய இருவருடைய கண்ணுக்கும் முன்னால் பொருள் இருக்கிறது. அரசியலைப் பற்றியோ குடும்பத்தைப் பற்றியோ பேசும்போது ஒரு சொல் அகப்படாவிட்டால் பேச்சு முறிந்துவிடும். காட்சியைப் பற்றிப் பேசும்போது சொல் அகப்படாவிட்டால் விரலை நீட்டலாம். 'அது' என்று காட்டியவுடனே எதிரில் இருப்பவர் அதன் பெயரைச் சொல்லிவிடுவார். இலக்கணம் பிழைத்தாலும் கருத்துப் பிழைக்காது. பொருளே நமக்குப் பிணையாக நிற்பதால் அச்சம் குறைகிறது.

இன்னொரு நன்மையும் உண்டு. நம் நாட்டு ரயிலில் வழக்கமாக முதலில் எழும் கேள்விகள் எவை? எந்த ஊர், என்ன உத்தியோகம், கல்யாணம் ஆகிவிட்டதா என்பவை. தமிழில் இவை அன்பின் அடையாளம். முன்பின் அறியாதவரிடம் ஆங்கிலத்தில் கேட்கும்போது இவை சற்றே உறுத்தும். தனியாகப் பிரயாணம் செய்யும் பெண்ணொருத்தி தன் ஊரையும் பெயரையும் வெளியிட விரும்பாமல் இருக்கலாம். வெளியே தெரியும் கடுகு வயலைப் பற்றிப் பேச அவளுக்கு எந்தத் தடையும் இல்லை. வேண்டும்போது பேச்சை நிறுத்திக்கொண்டு மறுபடி ஜன்னலை நோக்கித் திரும்பிவிடலாம். அதை யாரும் மரியாதைக் குறைவாகக் கருதமாட்டார்கள்.

சரி, தொடங்குவது எப்படி? பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகம் இங்கே அதிகம் உதவுவதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம்முடைய பெற்றோரும் அவர்களுடைய பெற்றோரும் படித்த ஆங்கிலப் பாடங்களில் இங்கிலாந்து தேசத்துப் புல்வெளியும் ஓடையும் பனியும் நிறைந்திருந்தன. 1807-இல் அச்சேறிய வோர்ட்ஸ்வொர்த்தின் கவிதை ஒன்றின் மூலம் டாஃபடில் என்ற மஞ்சள் மலரைப் பற்றித் தலைமுறை தலைமுறையாக நம் மாணவர் படித்தனர். அம்மலரைக் கண்ணால் கண்டவர் வகுப்பில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார். ஆசிரியரும் கண்டிருக்கமாட்டார். ஆனால் டில்லியிலிருந்து மதுரா செல்லும் வழியில், தை மாசி மாதங்களில், பாதையின் இருபுறமும் கடுகு பூத்து மஞ்சளாகக் கிடக்கிறதே, அதைச் சொல்ல நமக்கு ஒரு வாக்கியம் பழக்கப்படவில்லை. 'தி மஸ்டர்ட் இஸ் இன் ஃப்ளவர்' என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். கடுகு பூத்திருக்கிறது என்பது அதன் பொருள். நம்மவர் இதையே 'மஸ்டர்ட் ஃப்ளவர்ஸ் ஆர் தேர்' என்பார். பரவாயில்லை, கேட்பவருக்கு விளங்கும். முதல் வாக்கியம் காதில் விழுந்த பிறகு இரண்டாவது தானே விலகிவிடும்.

இனி இவ்விஷயத்தில் நாம் மிக முக்கியமாகக் கருதுவதைக் கூறுவோம். குவாலியர் ஸ்டேஷனை வண்டி நெருங்கும்போது ஒரு பெரிய மணற்பாறைக் குன்று தெரியும். சுமார் 100 மீட்டர் உயரமும் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமும் கொண்ட அக்குன்றின் உச்சியில் கோட்டை அமைந்திருக்கிறது. தமிழில் நாம் என்ன சொல்வோம்? 'குன்றின்மேல் ஒரு கோட்டை இருக்கிறது.' ஆங்கிலத்தில், 'தேர் இஸ் எ ஃபோர்ட் ஆன் தி ஹில்.' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழில் முதலில் இடம், பிறகு பொருள், கடைசியில் 'இருக்கிறது'. ஆங்கிலத்தில் முதலில் 'இருக்கிறது', பிறகு பொருள், கடைசியில் இடம். கண்ணாடியில் தெரியும் பிம்பம் போல ஒன்று மற்றொன்றைத் திருப்பிக் காட்டுகிறது. வாக்கியம் நீண்டாலும் இது மாறுவதில்லை. 'ஆற்றுக்கு அப்பால், குன்றின் அடிவாரத்தில், ஒரு வெள்ளைக் கோயில் இருக்கிறது' என்று நாம் வெளியிலிருந்து உள்ளே வருகிறோம். ஆங்கிலேயரோ கோயிலில் தொடங்கி, அடிவாரத்துக்கு இறங்கி, ஆற்றில் வந்து முடிக்கிறார். வெள்ளைக் கோயில் என்ற சிறு தொடர் மட்டும் இரு மொழியிலும் ஒரே வரிசையில் நிற்கிறது.

பேச முயலும் நம் இளைஞருக்கு உண்டாகும் திணறலில் பாதி இங்கேதான் பிறக்கிறது. அவர் மனத்தில் தமிழ் வாக்கியம் உருவாகிறது. ஆறு முதலில் வந்து நிற்கிறது. குன்று அதன் பின்னால் வந்து நிற்கிறது. கோயில் இன்னும் வரவில்லை. ஆங்கிலமோ கோயிலைத்தான் முதலில் கேட்கிறது. ஆகவே அவர் ஆற்றையும் குன்றையும் கையில் ஏந்திக்கொண்டு, முழு வாக்கியத்தையும் உள்ளத்தில் திருப்பிப் போட்டு முடிக்கும்வரை மௌனமாக இருக்கிறார். திருப்பி முடித்து வாய் திறக்கும்போது கோயில் போய்விட்டது. நூலகத்தில் அமர்ந்து எழுதுபவருக்கு இந்தத் தாமதம் ஒரு பொருட்டல்ல, ரயில் காத்திருப்பதில்லை.

இத்தாமதத்தைக் கணக்கிட்டே பார்க்கலாம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 28 மீட்டர் போகிறது. பத்துச் சொற்கள் கொண்ட ஒரு வாக்கியத்தைச் சாதாரணமாகச் சொல்ல நான்கு விநாடி பிடிக்கும். அதற்குள் வண்டி 110 மீட்டர் கடந்துவிடும். பாதையோரத்துச் சிக்னல் கம்பத்தையும் கேட்டில் நிற்கும் மாட்டு வண்டியையும் பற்றி முழு வாக்கியம் பேச முயல்வது வீண். டில்லிக்கும் ஆக்ராவுக்கும் இடையே 2016-இல் ஓடத் தொடங்கிய கதிமான் எக்ஸ்பிரஸ் மணிக்கு 160 கிலோமீட்டர் வேகம் வரை செல்லும் வண்டியாக அறிமுகமானது. அதில் அமர்ந்தால் கிட்டத்தில் உள்ளவை வெறும் கோடுகளே. ஆனால் எவ்வளவு வேகமாகப் போனாலும் தொலைவில் உள்ளவை நிதானமாகத்தான் நகரும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிராமம் அரை நிமிஷமாவது கண்ணில் நிற்கும். குவாலியர்க் குன்று பல நிமிஷங்கள் உடன் வரும். ஆகவே புதிதாகப் பழகுகிறவர் தொலைவில் உள்ள பொருளையே தேர்ந்துகொள்ள வேண்டும். பழகப் பழகக் கிட்டே வரலாம்.

பொருளின் பெயரை முதலில் சொல்லிவிட வேண்டும். 'எ ஃபோர்ட்!' என்று வியப்புடன் கூறினால் அதுவே ஒரு பேச்சு. இடத்தைப் பின்னால் சேர்த்துக்கொள்ளலாம்: 'ஆன் தட் ஹில்.' எதிரே இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அவர் பார்த்த பிறகு அது இருவருக்கும் தெரிந்த கோட்டை ஆகிவிடுகிறது. அப்போது 'எ' என்பது 'தி' ஆக மாறுகிறது. 'தி ஃபோர்ட் இஸ் வெரி லாங்' என்று தொடரலாம். ஆங்கிலத்தில் 'எ', 'தி' என்ற இரண்டு சிறு சொற்களின் பிரயோகத்தைக் கரும்பலகையில் எத்தனை நாள் விளக்கினாலும் விளங்காதவர்களுக்கு இது விளங்கிவிடும். எதிரில் இருப்பவர் தலையைத் திருப்பாத வரையில் 'எ'. திருப்பிய பிறகு 'தி'. எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் ரயிலில் பெரும்பாலும் பொருந்தும்.

எதிரெதிராக உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேடிக்கையான இடையூறு உண்டு. 'உங்கள் இடப்பக்கம் பாருங்கள்' என்று ஆங்கிலத்தில் சொன்னால், சொல்பவருடைய வலப்பக்கத்தைத்தான் அது குறிக்கும். தமிழில் 'இந்தப் பக்கம்', 'அந்தப் பக்கம்' என்று கையைக் காட்டித் தப்பிவிடுகிறோம். ஆங்கிலத்திலும் அப்படியே 'ஆன் திஸ் ஸைட்', 'ஆன் தி அதர் ஸைட்' என்று சொல்லிவிடுவதே நலம். புது டில்லியிலிருந்து புறப்பட்டு ஹஸரத் நிஜாமுத்தீனை அடையும் தறுவாயில் ஹுமாயூன் சமாதியின் வெண்பளிங்குக் கும்மட்டம் மரங்களுக்கு மேலே தலை காட்டும். வலமா இடமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் அது மறைந்துவிடும்.

ஸ்டேஷன் வந்ததைச் சொல்வதிலும் இரு மொழிகளின் மனப்போக்கும் வேறுபடுகிறது. 'மதுரா வந்துவிட்டது' என்கிறோம். நாம் அசையாமல் அமர்ந்திருக்கிறோம். ஊர்தான் நம்மைத் தேடி வருகிறது! இதை அப்படியே 'மதுரா ஹாஸ் கம்' என்று மொழிபெயர்ப்பது நம் வழக்கம். வடநாட்டாரும் தம் மொழியைப் பின்பற்றி இப்படியே சொல்வதால் அவருக்கு இது விளங்கவும் செய்யும். ஆயினும் ஆங்கில மரபில் ஊர் பெரும்பாலும் நிலையாக நிற்கும். நாம்தான் போய்ச் சேர வேண்டும். 'வீ ஆர் அட் மதுரா' என்றோ 'திஸ் இஸ் மதுரா' என்றோ சொல்வார்கள். வழியில் உள்ள ஊரைத் தாண்டும்போது 'வீ ஆர் பாஸிங் பல்வல்' என்பார்கள். பல்வல் டில்லிக்குத் தெற்கே உள்ள சிறு ஸ்டேஷன். 1919 ஏப்ரலில் பஞ்சாபுக்குச் செல்லவிருந்த காந்தியடிகளைத் தடுத்த இடம் என்பதால் அது சரித்திரத்தில் இடம்பெற்றது. இந்தச் செய்தி ஒன்றே அரை மணிப் பேச்சுக்கு வித்தாகும்.

சொல் தெரியாத இடத்தில் என்ன செய்வது என்பது அடுத்த சங்கடம். தோல்பூருக்கும் மொரேனாவுக்கும் இடையே ராஜஸ்தானத்தையும் மத்தியப் பிரதேசத்தையும் பிரிக்கும் சம்பல் நதியை வண்டி கடக்கிறது. அதன் இரு மருங்கிலும் வண்டல் மண் மழைநீரால் அரிக்கப்பட்டு, ஆயிரக்கணக்கான பள்ளங்களும் மேடுகளுமாகப் பிளந்து கிடக்கிறது. ஒரு காலத்தில் கொள்ளைக்காரர்கள் ஒளிந்திருந்த நிலம். இப்பள்ளங்களுக்கு ஆங்கிலத்தில் 'ரவீன்' என்று பெயர். இச்சொல் தெரியாதவர் பேசாமல் இருந்துவிட வேண்டுமா? 'தி லேண்ட் இஸ் ப்ரோக்கன் ஹியர்', அதாவது இங்கே நிலம் உடைந்து கிடக்கிறது எனலாம். 'தி ரெய்ன் ஹாஸ் கட் தி எர்த்', மழை மண்ணை வெட்டிவிட்டது எனலாம். எளிய சொற்கள், ஆனால் 'ரவீன்' என்ற ஒற்றைச் சொல்லைவிடக் காட்சியை இவை நன்றாகவே காட்டுகின்றன. எதிரில் இருப்பவருக்குச் சொல் தெரிந்திருந்தால் அவரே எடுத்துக் கொடுப்பார். அப்படிக் கிடைத்த சொல் மறக்காது. பிரஜ் நாட்டுக் கிராமங்களில் வறட்டியைக் குடிசை போல அடுக்கி வைத்திருப்பதையும், சமவெளி எங்கும் உயர்ந்த புகைபோக்கியுடன் நிற்கும் செங்கற் சூளைகளையும் இம்முறையிலேயே சொல்லிவிடலாம். பொருளின் பெயர் தெரியாவிட்டால் அதன் உபயோகத்தைச் சொல்ல வேண்டியதுதான்.

சில இடங்களில் நம்மிடம் ஒரு சொல், அவர்களிடம் பல. 'கரை' என்ற ஒரே சொல்லால் நாம் ஆற்றங்கரை, கடற்கரை, ஏரிக்கரை மூன்றையும் குறிக்கிறோம். ஆங்கிலத்தில் ஆற்றுக்கு 'பாங்க்', கடலுக்கு 'ஷோர்', மனிதர் மண்ணைக் கொட்டி எழுப்பிய ஏரிக்கரைக்கு இந்திய ஆங்கிலத்தில் 'பண்ட்'. நர்மதையைக் கடக்கும்போது 'ரிவர் ஷோர்' என்று நம்மவர் கூறுவது இக்காரணத்தால்தான்.

இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். காட்சிகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் எல்லாம் ஆங்கிலேயரின் பிதுரார்ஜிதம் என்று எண்ணி நாம் கூச வேண்டியதில்லை. 'ஜங்கிள்' நம் நாட்டுச் சொல். அதன் மூலமான 'ஜாங்கலம்' சம்ஸ்கிருதத்தில் மரம் அடர்ந்த காட்டைக் குறிக்கவில்லை. வறண்டு, புதர்கள் மட்டும் ஆங்காங்கே நிற்கும் நிலத்தையே குறித்தது. சம்பல் பக்கத்து நிலத்துக்கு அது பொருத்தமான பெயர். ஆனால் ஆங்கிலம் அதை எடுத்துப் போய், சூரியன் நுழையாத காட்டுக்கு வைத்துவிட்டது. 'மாங்கோ' என்பது நம் 'மாங்காய்', போர்ச்சுகீசியர் வாய் வழியே போனது. பனைக்கு வழங்கும் 'பால்மைரா' என்ற பெயரும் அவர்கள் கொடுத்ததே. ஏரியை 'டாங்க்' என்று நம் பாசனப் பொறியாளர்கள் இரு நூற்றாண்டுகளாக எழுதி வருகிறார்கள். இங்கிலாந்திலிருந்து வந்த பிரயாணியிடம் அச்சொல்லைக் கூறினால் அவர் இரும்புத் தொட்டியையோ யுத்த வண்டியையோ நினைத்துக்கொள்வார். ஜன்னலுக்கு வெளியே ஏரியைப் பார்த்தபடி கூறினால் அந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. 'எங்கள் ஊரில் இதை டாங்க் என்போம்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் அவரும் ஒன்றைக் கற்றுக்கொள்கிறார்.

'பியூட்டிஃபுல்' என்ற சொல்லைப் பற்றியும் கூறாமல் இருக்க முடியாது. பிரயாணத்தில் இதை ஒரு முறை சொல்லலாம். இரு முறையும் சொல்லலாம். கடுகு வயலும் பியூட்டிஃபுல், கோட்டையும் பியூட்டிஃபுல், நாகபுரி ஆரஞ்சுப் பழக்கூடையும் பியூட்டிஃபுல் என்றால், எதிரே இருப்பவர் தலையசைப்பதைத் தவிர வேறென்ன செய்வார்? புகழ்ச்சிக்கு மறுமொழி கிடையாது. கேள்விக்கு உண்டு.

இதற்கு நம் மரபிலேயே ஒரு துணை இருக்கிறது. ஆங்கிலத்தில் இயற்கைக் காட்சியைக் குறிக்கும் 'ஸீனரி' என்ற சொல் நாடக மேடையிலிருந்து வந்தது. நம் பழைய நாடகக் கம்பெனிகள் படம் எழுதிய திரையை 'சீன்' என்றார்களே, அதே சொல்தான். 'லேண்ட்ஸ்கேப்' என்பது டச்சு ஓவியர்களிடமிருந்து 1600-ஐ ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தது. இரண்டும் பார்ப்பவனை வெளியே நிறுத்துகின்றன. திரை ஒருபுறம், பார்ப்பவன் மறுபுறம். நம் திணைப் பாகுபாடு அப்படிப்பட்டதன்று. குறிஞ்சி என்றால் மலை மட்டுமா? அங்கே விளையும் தினை, அதைக் காப்பவர், அவர் தொழில், பொழுது, பறை யாவும் அதில் அடங்கும். நிலத்தைக் கண்டவுடன் அதில் வாழ்பவர் என்ன செய்கிறார், எதை உண்கிறார் என்று வினவுவது தமிழருக்குப் புதிதல்ல. அந்த வினாக்களை ஆங்கிலத்தில் கேட்க வேண்டியதுதான். 'வாட் டூ தே க்ரோ ஹியர்?' இங்கே என்ன பயிரிடுகிறார்கள்? ஐந்தே சொற்கள். எதிரே இருப்பவர் போபாலைச் சேர்ந்தவராயின், மழைக்காலத்தில் சோயா மொச்சை, குளிர்காலத்தில் கோதுமை என்று விவரமாகச் சொல்லத் தொடங்கிவிடுவார். தம் சொந்த மண்ணைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் எவருக்கும் கூச்சம் வருவதில்லை. அவருடைய ஆங்கிலமும் நம்முடையதைப் போலவே தடுமாறும்; அதைக் கேட்கும்போது நமக்கு உண்டாகும் நிம்மதியைச் சொல்லி முடியாது.

கூச்சத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் உண்மையை ஒப்புக்கொண்டாக வேண்டும். அயலாரிடம் பிழையுடன் பேச நாம் அவ்வளவாக அஞ்சுவதில்லை. அதே பெட்டியில் இருக்கும் இன்னொரு தமிழர் கேட்டுவிடுவாரே என்றுதான் அஞ்சுகிறோம். போபால்காரர் சிரிக்கமாட்டார், திருச்சிக்காரர் சிரிப்பார். சிரிக்கிறவர் தாமும் ஒரு வாக்கியம் பேசிக் காட்டிவிட்டுச் சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவதே சரி.

ஒரு சிறு சலுகையையும் இங்கே குறிப்பிடலாம். நம்மவர் எந்த வாக்கியத்தின் முடிவிலும் 'இல்லையா?' என்பதை மொழிபெயர்த்து 'இஸன்ட் இட்?' என்று ஒட்டிவிடுவது வழக்கம். 'நீங்கள் நாளை வருவீர்கள், இஸன்ட் இட்?' என்பது போல. ஆங்கில இலக்கணப்படி இது பிழை. வினைக்குத் தக்கபடி அந்த வால் மாற வேண்டும். ஆனால் காட்சியைப் பற்றிய பேச்சில் பாதி வாக்கியங்கள் 'இட் இஸ்' என்றே தொடங்குகின்றன. 'இட் இஸ் வெரி ட்ரை ஹியர், இஸன்ட் இட்?' இதில் பிழை ஏதுமில்லை. நம் பழைய பழக்கம் இந்த ஓரிடத்தில் நம்மைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறது!

இதுவரை கூறியது இருவரும் ஒரே ஜன்னலைப் பார்க்கும் நிலை. கொஞ்சம் பழகிய பின்னர், பார்க்காதவருக்குச் சொல்லிக் காட்டும் நிலைக்குச் செல்ல வேண்டும். வானொலியில் நேர்முக வர்ணனை செய்பவரின் தொழில் அதுவே. 1948 ஜனவரி 31 அன்று டில்லியில் மகாத்மா காந்தியின் இறுதி ஊர்வலம் பிர்லா மாளிகையிலிருந்து ராஜ்காட் நோக்கிச் சென்றபோது, அகில இந்திய வானொலியின் மெல்வில் டி மெல்லோ ஊர்வலத்துடனேயே சென்று, ஏறக்குறைய ஏழு மணி நேரம் ஆங்கிலத்தில் வர்ணித்தார். கேட்டவர்களுக்குத் தெருவும் தெரியாது, கூட்டமும் தெரியாது. அவர் வாய்ச் சொல் ஒன்றே அவர்களுக்குக் கண்ணாக இருந்தது. விரலை நீட்டி 'அதோ' என்று காட்ட அவருக்கு வழியில்லை.

அவரைப் போல ஏழு மணி நேரம் பேச நம்மை யாரும் கேட்கப் போவதில்லை. ஐந்து நிமிஷம் போதும். குடும்பத்துடன் செல்பவருக்கு இது சுலபம். மேல் பெர்த்தில் படுத்திருக்கும் தம்பிக்கு வெளியே ஒன்றும் தெரியாது. அவன் கீழே ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் அக்காளை, 'வாட் கேன் யூ ஸீ, அக்கா?' என்று கேட்கட்டும். அக்கா என்ற சொல்லுக்கு ஆங்கிலம் தேட வேண்டாம். அது அப்படியே இருக்கட்டும். அவள் சொல்வதை வைத்து அவன் மனத்தில் படம் எழுத வேண்டும். 'ஒரு ஆறு' என்கிறாள். தண்ணீர் இருக்கிறதா என்று கேட்கிறான். 'கொஞ்சம்தான், நடுவில் மணல்' என்கிறாள். பாலம் நீளமா, படகு உண்டா, யாராவது குளிக்கிறார்களா? கேட்பவன் காணாததனால் கேள்விகள் மெய்யான கேள்விகளாக இருக்கின்றன. வகுப்பறையில் ஆசிரியர் தமக்கு விடை தெரிந்த கேள்வியையே கேட்கிறார். மாணவரும் அதை அறிவார். அதனால்தான் அங்கே பேச்சில் உயிர் இருப்பதில்லை. பின்னர் பாதி வழியில் இருவரும் இடம் மாறிக்கொள்ளலாம். புத்னிக்கும் நர்மதாபுரத்துக்கும் இடையே நர்மதைப் பாலம் அக்காளுடையது என்றால், இடார்ஸிக்குத் தெற்கே சாத்புரா மலைத்தொடரின் சுரங்க வழிகள் தம்பியுடையவை. தனியாகச் செல்பவர் கைப்பேசியில் நண்பரை அழைத்து இவ்விதமே சொல்லலாம். ஆனால் மலைப்பகுதியில் தொடர்பு அறுந்துபோகும். மேலும் பெட்டி முழுவதும் கேட்கும்படி கைப்பேசியில் பேசுவது மற்றவர் பொறுமையைச் சோதிப்பது.

மாலை மங்கியதும் காட்சி மறைந்துவிடுகிறது. பெட்டியில் விளக்கு ஏற்றியவுடன் ஜன்னல் கண்ணாடியில் வெளியே உள்ளது தெரியாமல் நம் முகமே தெரிகிறது. காலையிலிருந்து நிகழ்காலத்திலேயே பேசி வந்த வாய் இப்போது இறந்த காலத்துக்கு மாற வேண்டும். 'தேர் இஸ்' என்றது 'தேர் வாஸ்' ஆகிறது. 'ஐ ஸீ' என்றது 'ஐ ஸா' ஆகிறது. பகலில் எதிரில் இருந்தவர் போபாலில் இறங்கியிருப்பார். அவர் இடத்தில் இரவு வண்டிக்கு வந்த வேறொருவர் படுக்கையை விரித்துக்கொண்டிருப்பார். அவர் குவாலியர்க் கோட்டையை இன்று பார்த்தவரல்லர். 'வீ ஸா எ பிக் ஃபோர்ட் திஸ் மார்னிங்' என்று அவரிடம் தொடங்கலாம்.